சிக்குக் கோலமும் ஆறு கோரும்: குறைந்த செலவில் படம் வரைய எந்தப் பிராசஸர்?

பேனாவை வளைத்து ஒரு கோடு இழுக்கிறீர்கள். கை முடித்துவிட்டது, திரையில் கோடு இன்னும் பாதி வழியில் வந்துகொண்டிருக்கிறது. சின்ன பிரஷ் என்றால் ஒருமாதிரி சமாளிக்கலாம். வானத்துக்கு நிறம் பூசப் பெரிய பிரஷ்ஷை எடுத்தால் போச்சு, கணினி நின்று நின்று மூச்சு வாங்குகிறது. போன மாதம் என் அக்கா மகள் இதைத்தான் வீடியோ எடுத்து அனுப்பி, "மாமா, புது பிராசஸர் வாங்கணும். எது நல்லா இருக்கும்? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஐ7 வாங்கச் சொல்றாங்க" என்று கேட்டாள்.

அவளுக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். கையில் அதிகப் பணம் இல்லாமல், படம் வரைவதற்கென்றே ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய நினைப்பவர்களுக்கானது இது. கேம் ஆடுவதற்கும் வீடியோ எடிட் செய்வதற்கும் ஆலோசனை சொல்பவர்கள் ஏராளம். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஓவியருக்குப் பணம்தான் வீணாகும். ஏன் என்று புரிய, ஒரு பிரஷ் கோடு கணினிக்குள் எப்படி உருவாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வெளியே தெரிவது கோடு; உள்ளே நடப்பது முத்திரை குத்தும் வேலை. பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதைப் பென் டேப்லெட் நொடிக்கு இருநூறு முறைபோலக் கணினிக்குச் சொல்கிறது. அந்த இடங்களை இணைக்கும் பாதை நெடுக, பிரஷ்ஷின் வடிவத்தை ஒன்றின்மேல் ஒன்று படும்படி மென்பொருள் நெருக்கமாகக் குத்திக்கொண்டே போகிறது. ஒவ்வொரு குத்திலும், பிரஷ் தொடும் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. அடியில் இருக்கும் நிறம் என்ன, மேலே வரும் நிறம் என்ன, அழுத்தத்துக்கு ஏற்ப எத்தனை பங்கு கலக்க வேண்டும் என்று பார்த்து, கலந்ததைத் திரும்ப எழுத வேண்டும்.

100 பிக்சல் அகலமுள்ள வட்ட பிரஷ் ஒரு குத்தில் தொடுவது சுமார் 7,850 பிக்சல். 1,000 பிக்சல் அகலம் வைத்தால் அது 7,85,000. அகலம் பத்து மடங்கு, வேலை நூறு மடங்கு. பிரஷ் பெரிதாகும்போது முத்திரைகளுக்கு நடுவே விடும் இடைவெளியும் சேர்ந்து பெரிதாவதால், ஒரே நீளக் கோட்டுக்கு மொத்தக் கணக்கு பத்து மடங்கோடு நின்றுவிடும். நின்றாலும் பத்து மடங்கு பத்து மடங்குதானே! 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு நொடியில் 60 முறை புதுப்பிக்கிறது. ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம் 17 மில்லிநொடிகூட இல்லை. அதற்குள் கணக்கு முடியாவிட்டால் கோடு பின்தங்கும். பெரிய பிரஷ்ஷில் மட்டும் தடுமாற்றம் வருவதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஈர பிரஷ், ஸ்மட்ஜ் என்று நிறத்தை இழுத்துக் கலக்கும் வகைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே இரண்டாவது முத்திரை குத்துவதற்கு முதல் முத்திரை விட்டுப்போன நிறம் தெரிந்தாக வேண்டும். மூன்றாவதற்கு இரண்டாவது. வரிசையை மீறி எதையும் முன்கூட்டியே செய்ய முடியாது. இந்த இடத்தில்தான் பிராசஸர் பற்றிய நம் கேள்விக்குப் பாதி விடை ஒளிந்திருக்கிறது.

மார்கழிக் காலையில் வாசலில் பெரிய சிக்குக் கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்தாயிற்று. இனி இழையை இழுக்க வேண்டும். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் ஒரே இழை. பக்கத்தில் ஒன்பது பேர் கோலப்பொடியோடு நின்றாலும் அந்த இழையை இழுப்பது ஒரு கைதான். வேகமாக முடிய வேண்டுமானால் அந்த ஒரு கை வேகமான கையாக இருக்க வேண்டும். அதே வாசலில் ரங்கோலிக்கு வண்ணம் நிரப்புவது வேறு கதை. ஆளுக்கொரு இதழ் எடுத்துக்கொண்டால் பத்துப் பேர் சேர்ந்து கால் மணியில் முடித்துவிடலாம். அங்கே ஒவ்வொரு கையின் வேகத்தைவிட எத்தனை கை என்பதுதான் பேச்சு.

பிராசஸரில் கோர் என்பது கை. நான்கு கோர் என்றால் நான்கு கை. பெட்டியில் '6 கோர், 12 த்ரெட்' என்று போட்டிருந்தால் கை ஆறுதான். ஒரு வேலையில் கை சும்மா இருக்கும் கணத்தில் இன்னொரு வேலையைக் கவனித்துக்கொள்ளும் வசதி சேர்ந்திருக்கிறது. பன்னிரண்டு கை என்று எண்ணிவிட வேண்டாம்.

சரி, நம் வேலைகளில் எது இழை, எது வண்ணம்? கோடு போடுவது, நிறம் கலப்பது, லேயரை நகர்த்துவது போன்ற நாள் முழுக்க நடக்கும் வேலைகளில் பெரும்பகுதி இழை. பெரிய படத்துக்கு மங்கல் ஃபில்டர் போடுவது, வீடியோவாக ஏற்றுமதி செய்வது, முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் சைக்கிள்ஸ் என்ற வசதியை வைத்து ரெண்டர் எடுப்பது, அதாவது காட்சியைக் கணக்கிட்டு முழுப் படமாக்குவது, இவையெல்லாம் வண்ணம். இடைநிலையும் உண்டு. கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருள் 2018-ல் வந்த தன் 4.0 பதிப்பில் பிரஷ் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியது. முத்திரைகள் ஒன்றையொன்று சார்ந்திராத சாதாரண பிரஷ்களில் இது நன்றாகவே உதவுகிறது. ஃபோட்டோஷாப், கிளிப் ஸ்டுடியோ இரண்டிலும் வரையும்போது ஒரு கோரின் வேகம்தான் பெரிதாகத் தெரியும்.

ஆக, வரைபவருக்குத் தேவை முதலில் வேகமான ஒரு கை. அதற்குத் துணையாக இன்னும் மூன்று முதல் ஐந்து கைகள். நான்கு கோருக்குக் கீழே போக வேண்டாம். ஆறு இருந்தால் தாராளம். பின்னணியில் பாட்டு, பிரவுசரில் இருபது ரெஃபரன்ஸ் படம், வரைவதைப் பதிவுசெய்யும் மென்பொருள் எல்லாவற்றையும் மற்ற கைகள் பார்த்துக்கொள்ளும். எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று போவதில் இருபரிமாண ஓவியருக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன், பழைய சர்வரிலிருந்து கழற்றிய பிராசஸர் ஒன்று மதர்போர்டோடு மலிவாக வந்தது. "சார், இந்த விலைக்கு இத்தனை கோர் எங்கயும் கிடைக்காது" என்றார் விற்றவர். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே கிடைக்காது. வீட்டுக்கு வந்து கிரிட்டாவில் ஒரு ஈர பிரஷ்ஷை இழுத்தேன். அதுவரை வைத்திருந்த நான்கு கோர் கணினியைவிட மெதுவாக நகர்ந்தது. கோலம் போடும் கை ஒன்று; சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் கைகள் டஜனுக்கு மேல். மின்கட்டணம் மட்டும் எல்லாக் கைகளுக்கும் சேர்த்து வந்தது.

இந்த வகை சரக்கு இன்னும் சந்தையில் சுற்றுகிறது. உதாரணத்துக்கு, 2016-ல் வந்த இன்டெல்லின் சர்வர் பிராசஸர் ஜியான் ஈ5-2680 வி4. 14 கோர், 28 த்ரெட். பார்த்தால் வாயைப் பிளக்க வைக்கும். ஆனால் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், ஒரு கோர் மட்டும் முழு மூச்சில் ஓடினாலும் 3.3-தான். மின்தேவை 120 வாட். இரவு முழுக்க பிளெண்டர் ரெண்டர் ஓட்டுபவருக்கு அதில் ஏதாவது பயன் இருக்கலாம். பிரஷ் பிடிப்பவருக்கு இல்லை.

இப்போது கையின் வேகத்துக்கு வருவோம். 'ஐ7 வாங்கு' என்ற அறிவுரை தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

கிகாஹெர்ட்ஸ் என்பது துடிப்பு. 3.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 340 கோடி துடிப்புகள். ஆனால் ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. இரண்டு பேரும் நிமிடத்துக்கு நூறு அடி எடுத்து வைத்தாலும், நீளமாக அடி வைப்பவர்தானே முன்னே போவார்? 2011-ல் வந்த இன்டெல் ஐ7-2600-க்கு நான்கு கோர், எட்டு த்ரெட், உச்சம் 3.8 கிகாஹெர்ட்ஸ். 2022 தொடக்கத்தில் வந்த ஐ3-12100-க்கும் நான்கு கோர், எட்டு த்ரெட், உச்சம் 4.3. எண்ணை மட்டும் பார்த்தால் பதின்மூன்று சதவீத வித்தியாசம். ஒரு கோர் உண்மையில் முடிக்கும் வேலையை அளந்தால், புதிய ஐ3 ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெயரில் 3 இருக்கிறது, 7 இருக்கிறது என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் செல்லுபடியாகும் தரவரிசை. தலைமுறை மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

எனவே கடைக்காரர் "ஐ5 இருக்கு, ஐ7 இருக்கு" என்றால், "முழு நம்பரைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். இன்டெல்லில் பெயரில் உள்ள '-' குறிக்குப் பின்னால் வரும் முதல் ஒன்றோ இரண்டோ இலக்கம்தான் தலைமுறை: 8500 என்றால் எட்டு, 12400 என்றால் பன்னிரண்டு. இன்டெல்லுக்குப் போட்டியான ஏஎம்டியின் டெஸ்க்டாப் ரைசன் பிராசஸர்களில் முதல் இலக்கம் வரிசையைச் சொல்லும்: 5600 என்றால் ஐயாயிர வரிசை, 7600 என்றால் ஏழாயிர வரிசை.

லேப்டாப்பில் இந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. ரைசன் 5 7520யு என்ற பெயரைப் பார்த்தால் புத்தம் புதியது போலத் தோன்றும். உள்ளே இருப்பது 2019-ல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். அந்த ஏழாயிர லேப்டாப் வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உண்மை பேசும்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. இப்படிப் பெயர் வைத்தவர்களுக்கு வாங்குபவர் மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்து இன்னும் முக்கியம். முன்பு ஒருமுறை நண்பர் ஒருவருக்கு நானே அசெம்பிள் செய்து கொடுத்தேன். எல்லாம் மாட்டி, பட்டனை அழுத்தினால் மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. ராமைக் கழற்றித் துடைத்தேன், கேபிளை மாற்றினேன், மானிட்டரை மாற்றினேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பிராசஸர் பெட்டியை நிதானமாகப் படித்தேன். கடைசியில் 'எஃப்' என்று ஓர் எழுத்து. எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்டால்தான் திரையில் படம் வரும். மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். துளை இருக்கும், அதற்குப் படம் அனுப்ப ஆள் இருக்காது. சில நூறு ரூபாய் மிச்சம் என்று எஃப் வாங்கி, பிறகு கார்டுக்குச் சில ஆயிரம் செலவழித்தது என் கைங்கரியம்.

ஏஎம்டியில் இது சற்று வேறுமாதிரி. ஐயாயிர டெஸ்க்டாப் வரிசையில் 'ஜி', 'ஜிஇ', 'ஜிடி' என்று முடிந்தால் கிராஃபிக்ஸ் உண்டு, மற்றவற்றில் இல்லை. ரைசன் 5 5600ஜி-யில் உண்டு; வெறும் 5600-ல், 5500-ல் கிடையாது. ஏழாயிர வரிசையில் 7600-க்குச் சிறிய கிராஃபிக்ஸ் உள்ளேயே வருகிறது, 7500எஃப்-க்கு வராது. இன்டெல்லில் 'கே' என்று முடிந்தால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளத் திறந்துவிட்ட வகை. நம் பட்ஜெட்டுக்கு அது வேண்டாம், பெட்டியில் கூலரும் தர மாட்டார்கள்.

"ஓவியம் வரைய கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாமா?" என்று பலர் கேட்பார்கள். இருபரிமாண வேலைக்கு, தொடக்கத்தில் வேண்டாம். கேன்வாஸைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிச் சுழற்றிக் காட்டுவது, சில ஃபில்டர்கள் போன்றவற்றுக்கு மென்பொருள் கிராஃபிக்ஸைக் கேட்கும். பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸே அதைத் தாங்கும். முப்பரிமாணம் என்று வந்தால்தான் கதை மாறுகிறது. பிளெண்டர் ரெண்டரை கிராஃபிக்ஸ் கார்டிலேயே ஓட்டலாம் என்பதால், அதிகக் கோர் உள்ள விலையுயர்ந்த பிராசஸருக்குப் போடும் பணத்தைச் சேர்த்துவைத்துப் பின்னால் ஒரு கார்டு வாங்குவதே லாபம்.

பிராசஸரிலேயே பேச்சு நின்றுவிட்டால் முக்கியமான ஒன்று விட்டுப்போகும். ஏ4 தாளை 300 டிபிஐ-யில் திறந்தால் 2480-க்கு 3508 பிக்சல். பெருக்கினால் சுமார் 87 லட்சம். ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு பைட் என்றால், முழுதாக நிறம் பூசிய ஒரு லேயருக்கு ஏறத்தாழ 35 எம்பி. ஏ3 என்றால் 70 எம்பி. ஏ3-யில் அறுபது லேயர் வைத்து வேலை செய்பவர் என்றால் லேயருக்கு மட்டுமே 4 ஜிபி தாண்டும். ஒவ்வொரு 'அன்டூ'வுக்கும் பழைய நிலையை நினைவில் வைத்திருக்க வேண்டும், அதற்குத் தனி இடம். விண்டோஸுக்கு இடம், பிரவுசருக்கு இடம். 8 ஜிபி ராம் இதில் எங்கே போதும்? ராம் நிரம்பியதும் கணினி எஸ்எஸ்டி-யைத் தற்காலிகக் கிடங்காகப் பயன்படுத்தத் தொடங்குகிறது. கோலப்பொடிக் கிண்ணம் கைக்குப் பக்கத்திலேயே இருப்பதற்கும், ஒவ்வொரு பிடிக்கும் எழுந்து உள்ளே போய் அள்ளிவருவதற்கும் உள்ள வேறுபாடு அது. எவ்வளவு வேகமான கையானாலும் நடப்பதில் நேரம் போய்விடும். அதனால் 16 ஜிபி என்பதைக் கீழ்வரம்பாக வைத்துக்கொண்டு, அதை வாங்கியபின் மிஞ்சும் பணத்தில் பிராசஸரைப் பாருங்கள். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு சர்வர்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியது. எனவே கடைக்குப் போனதும் முதலில் ராம் விலையைக் கேட்பது நல்லது. அதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

ராம் பற்றி இன்னொன்று. தனி கார்டு இல்லாதபோது, பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸும் இதே ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 வகை ராமை ஒரு குச்சியாகப் போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி வரை தரவு நகரும். இரண்டு குச்சிகளாகப் போட்டால் 51.2. எனவே 16 ஒன்றைவிட 8 இரண்டு மேல். ஆனால் எச்610 போன்ற மலிவு போர்டுகளில் ராம் இடமே இரண்டுதான். பின்னாளில் 32 ஆக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால், இப்போது 16 ஒரு குச்சி, அடுத்த வருடம் இன்னொன்று என்று நான் போவேன். சில மாதம் கொஞ்சம் மெதுவாக ஓடட்டுமே.

இனி பெயர்கள். இருபரிமாணம் மட்டும், பணம் மிகக் குறைவு என்றால் ஐ3-12100. மேலே சொன்னதுபோல நான்கு கோர்தான், ஆனால் நான்கும் வேகமான கோர், உள்ளே யுஎச்டி 730 கிராஃபிக்ஸ், பெட்டியிலேயே கூலர். அதே சாக்கெட்டில், அதாவது போர்டில் பிராசஸரை மாட்டும் இடத்தில், உட்காரும் ஐ3-14100 கிடைத்தால் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், இன்னும் நல்லது. போர்டு பழைய இருப்பாக இருந்தால் பயாஸை, அதாவது போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை, புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். எல்ஜிஏ 1700 என்ற இந்தச் சாக்கெட்டின் நல்ல குணம், பின்னால் கையில் காசு வரும்போது ஐ3-யைக் கழற்றிவிட்டு அதே போர்டில் ஐ5 போட்டுக்கொள்ளலாம்.

நான் அதிகம் பரிந்துரைப்பது ஐ5-12400. எஃப் இல்லாதது, கவனம். ஆறு கோர், 12 த்ரெட், 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை, 18 எம்பி கேஷ். கேஷ் என்பது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்னஞ்சிறு நினைவகம். விரலிடுக்கில் பிடித்திருக்கும் பொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிடிஆர்4 போர்டும் கிடைக்கிறது என்பதால் பழைய கணினியில் இருக்கும் டிடிஆர்4 ராமையே எடுத்துப் போடலாம். ராம் விலை இப்படி இருக்கும்போது இது சின்ன விஷயம் அல்ல.

ரைசன் 5 5600ஜி-யும் இதே இடத்தில் நிற்கும் ஆள். அதற்கும் ஆறு கோர், 12 த்ரெட், 4.4. ஒரு கோரின் வேகத்தில் 12400 சற்று முன்னே. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸில் 5600ஜி தெளிவாக முன்னே. எனவே கார்டு வாங்கும் எண்ணமே இல்லாமல், பிளெண்டரிலும் கொஞ்சம் கைவைத்துப் பார்க்க வேண்டும், மாலையில் ஏதாவது கேம் ஆட வேண்டும் என்பவருக்கு இது. அது உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது, அது ஒரு குறை. ஆனால் பட்ஜெட்டில் வாங்குபவர்களில் எத்தனை பேர் உண்மையில் பிராசஸரை மட்டும் மாற்றுகிறார்கள்? ஐந்து வருடம் கழித்து மொத்தமாகத்தான் மாற்றுகிறோம்.

ஏஎம்5 சாக்கெட்டில் வரும் ரைசன் 5 7600, 8600ஜி போன்றவை ஒரு படி மேலே. 7600 உச்சத்தில் 5.1 கிகாஹெர்ட்ஸ் போகும், வரைவதற்கு அருமையான கை. ஆனால் அங்கே டிடிஆர்5 ராம்தான் போட முடியும், போர்டும் விலை கூடுதல். பிராசஸர் விலையை மட்டும் பார்த்து ஆசைப்படாமல் பிராசஸர், போர்டு, ராம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடத்தில் நாலு கடை ஏறி இறங்கும்போது, இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலையாக எழுதித் தரச் சொன்னால் ஒப்பிட வசதி. மொத்தப் பணத்தில் கால் பங்குக்கு மேல் பிராசஸருக்குப் போகக்கூடாது என்பது என் கணக்கு. நிறம் சரியாகக் காட்டாத மானிட்டரில் எவ்வளவு வேகமாக வரைந்து என்ன பயன்?

இதுவும் முடியாது என்றால் ஆபீஸ்களில் கழித்துவிடும் பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. நான் அதைக் கேவலமாக நினைப்பதில்லை. இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். எட்டாம் தலைமுறையில்தான் டெஸ்க்டாப் ஐ5 நான்கு கோரிலிருந்து ஆறு கோருக்கு மாறியது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதும் அங்கிருந்துதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஐ5-8500 உள்ள பெட்டி ஒன்று நல்ல நிலையில் கிடைத்து, அதில் 16 ஜிபி ராமும் எஸ்எஸ்டி-யும் போட்டுவிட்டால் கல்லூரி முடியும்வரை ஓடும். லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயங்காதவர்கள் இன்னும் பழையதையும் பயன்படுத்தலாம். கிரிட்டாவும் பிளெண்டரும் லினக்ஸில் சுகமாக ஓடும்; ஃபோட்டோஷாப்பும் கிளிப் ஸ்டுடியோவும் லினக்ஸுக்கு வருவதில்லை.

லேப்டாப்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக: 'யு' என்று முடிவது மின்சாரம் சேமிக்கும் வகை, 'எச்' என்று முடிவது வேகமான வகை. ராம் கூட்ட இடம் இருக்கிறதா, இல்லை போர்டிலேயே ஒட்டிவிட்டார்களா என்று கேட்டு வாங்குங்கள். சூடு பற்றி எந்த விளம்பரமும் பேசாது. அறையின் வெப்பம் கூடும் அளவுக்குப் பிராசஸரின் வெப்பமும் கூடும். எல்லை தாண்டினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத மாடி அறையில், மெல்லிய லேப்டாப் ஒன்று மதியத்தில் வரைவதும் விடியற்காலையில் வரைவதும் ஒரே வேகத்தில் இருக்காது.

எதையும் வாங்குவதற்கு முன், இப்போது இருக்கும் கணினியை ஒரு பத்து நிமிடம் சோதித்துப் பாருங்கள். முதலில் உங்கள் மென்பொருளில் ஸ்டெபிலைசர் எவ்வளவில் இருக்கிறது என்று பார்த்து, பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். கை நடுக்கத்தைச் சமன்செய்வதற்காகக் கோட்டை வேண்டுமென்றே பின்னால் இழுத்துவரும் வசதி அது. அதைக் கூட்டி வைத்துவிட்டு 'கம்ப்யூட்டர் ஸ்லோ' என்று புலம்புபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வழக்கமாக வரையும் அளவில் ஒரு படத்தைத் திறந்து, 800 பிக்சல் அகல ஈர பிரஷ்ஷால் இடமும் வலமும் வேகமாக இழுங்கள். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் குற்றவாளி ராம். மெமரி சும்மா இருக்கிறது, சிபியு-வும் 8, 10 சதவீதம்தான் காட்டுகிறது, ஆனாலும் கோடு தடுமாறுகிறது என்றால் குழம்ப வேண்டாம். 12 த்ரெட் உள்ள பிராசஸரில் ஒரே ஒரு கை முழு மூச்சாக உழைத்தால் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதமாகத்தான் தெரியும். அந்த வரைபடத்தில் வலது கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர்ஸ் என்று மாற்றினால் ஒவ்வொன்றும் தனிக் கட்டமாக வரும். விண்டோஸ் வேலையைக் கட்டத்துக்குக் கட்டம் மாற்றிவிடும் என்பதால் ஓரிரு கட்டங்கள் மாறி மாறி எகிறுவதைப் பார்க்கலாம். அப்படியென்றால் வேகமான கை வேண்டும். கூடுதல் கை வேண்டாம். எல்லாக் கட்டங்களும் ஒன்றாக உச்சியைத் தொட்டால் மட்டும் கோர் எண்ணிக்கையைப் பற்றி யோசியுங்கள். கிரிட்டா பயன்படுத்துபவர்கள் ஷிஃப்ட்டோடு எல் அழுத்தி இன்ஸ்டன்ட் ப்ரிவ்யூ-வையும் போட்டுப் பார்க்கலாம். பெரிய பிரஷ்ஷுக்கு முதலில் குறைந்த தெளிவில் கோட்டைக் காட்டிவிட்டு, முழுக் கணக்கைப் பின்னால் முடிக்கும் தந்திரம் அது.

அக்கா மகளிடம் இதையெல்லாம் போனிலேயே செய்யச் சொன்னேன். ஸ்டெபிலைசர் உச்சத்தில் இருந்தது. அதைக் குறைத்ததும் பாதித் தொல்லை போயிற்று. மீதிக்கு மெமரியைப் பார்க்கச் சொன்னால் 8 ஜிபி-யில் 7.6 நிரம்பியிருந்தது, பிராசஸர் ஐ5-10400, ஆறு கோர். "அப்ப ஐ7 வேண்டாமா மாமா?" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. இன்னொரு 8 ஜிபி குச்சி வாங்கிப் போட்டோம். மீதிப் பணத்துக்கு மானிட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.